ஊட்டியில் இல்லாத நீலகிரி: ஆனேக்கல் தோப்பில் ஒரு தரைச் சிலந்தியைத் தேடி

போன நவம்பர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகளும் பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் போய் வந்தோம். இந்த வலைப்பூவில் வழக்கமாக அருவி, கோயில், மலைக்கோட்டை என்று எழுதுவேன். இந்தத் தடவை போன இடத்தில் அது எதுவும் கிடையாது. பாதி வெட்டிய ஒரு தோப்பு, நிறையக் கல், அவ்வளவுதான். போனதற்குக் காரணம் நான் செய்த ஒரு தப்பு. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி மஞ்சுளா கீழே கமெண்டில் வந்து சொல்லிவிடுவாள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: எனக்கு வீடு பெங்களூர் ஜோகுபாளையம். பழைய மெட்ராஸ் ரோட்டில் டூவீலர் சீட் கவர் தைக்கும் கடை. படிப்பு பி.யூ.சி. முதல் வருஷம்; அதையும் ஆசையாக இரண்டு தடவை படித்தேன். என் மகள் திவ்யா எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருஷம் படிக்கிறாள். அவளுடைய ப்ராஜெக்ட் தரைச் சிலந்திகளைப் பற்றியது. நாம் வீட்டு மூலையில் பார்க்கிற மாதிரி வலை பின்னி நடுவில் உட்காருகிற ஜாதி இல்லை இவை. பகலில் கல்லுக்கடியில், சருகுக்கடியில் நூலால் ஒரு பை செய்து அதற்குள் படுத்திருக்கும். பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து, தரையில் ஓடி ஓடி வேட்டையாடும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, அவளை பைக்கில் அந்தத் தோப்புக்குக் கூட்டிப் போனேன். சும்மா நிற்க வேண்டாமே என்று லேபிள் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தாள். சிலந்தியைப் போடும் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள்ளேயே, எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று எழுதிய துண்டுச் சீட்டையும் போட வேண்டும். இங்கேதான் வினை. யூகலிப்டஸ் மரத்தை நாங்கள் பெங்களூரில் நீலகிரி மரம் என்றுதான் சொல்வோம். கன்னடத்திலும் அதுதான் பேர். தமிழ்நாட்டுப் பக்கம் தைலமரம் என்பார்கள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எல்லாம் நீலகிரி. இங்கிலீஷில் பெரிய எழுத்தில் 'நீலகிரி, கல்லுக்கடியில்' என்று எழுதித் தேதி போட்டேன். ஊர் பேர் போடவில்லை. எந்த ஊர் என்றுதான் எங்களுக்குத் தெரியுமே!

அடுத்த வாரமே திவ்யா காலேஜ் ஆட்களோடு, முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு, கோத்தகிரிக்குப் போய் வந்தாள். ஆக அவள் பெட்டியில் நிஜ நீலகிரி மலைச் சிலந்திகளும் சேர்ந்துவிட்டன. மொத்தக் குப்பிகளையும் கோயம்புத்தூரில் இருக்கும் சிலந்தி நிபுணர் ஒருவருக்கு அனுப்பி வைத்தாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, நான் இரண்டாவது தோசையில் இருக்கும்போது அவர் போன் செய்தார். திவ்யா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மிணி, அந்தப் பதினொண்ணாம் நம்பர் குப்பி இருக்குதல்ல, அந்த ஆண் சிலந்தி. அதோட கையில ஒரு முள்ளு இருக்குது பாரு, நான் வெச்சிருக்கிற எந்தப் படத்தோடயும் ஒத்து வரலை. புதுசா இருக்க நெறைய வாய்ப்பு இருக்குது. நீலகிரியில எந்த உயரத்துல புடிச்சீங்க?"

"பதினொண்ணு கோத்தகிரி இல்லையே சார்" என்றாள் திவ்யா. "என் லிஸ்ட்ல அது ஆனேக்கல்."

"சீட்டுல நீலகிரின்னுதானே போட்டிருக்குது?"

திவ்யா என்னைப் பார்த்தாள். நான் சட்னியைப் பார்த்தேன்.

"ப்பா. பெரிய எழுத்துல எழுதினது நீங்கதானே?"

"நீலகிரித் தோப்புல புடிச்சதும்மா. அதான் நீலகிரின்னு போட்டேன்."

போனில் அவர் சிரித்தார். "தைலமரத் தோப்பா! நல்லாப் போட்டீங்க போங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளிடம் சொன்னார்: "ஆனா அம்மிணி, சீட்டு ஒண்ணு சொல்லுது, லிஸ்ட் ஒண்ணு சொல்லுது. ரெண்டு எடத்துக் குப்பியும் ஒரே பெட்டியில வந்திருக்குது. அப்பா சொன்னாருன்னு பேப்பர்ல போட முடியாது. அதே தோப்புல இன்னொண்ணு கெடைச்சா பேசலாம்."

போனை வைத்ததும் திவ்யா திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. பொறுமையாக விளக்கினாள். ஆனேக்கல் காய்ந்த மேட்டு நிலம். கோத்தகிரி குளிரும் பனியும். தப்பான ஊரைப் போட்டால், பின்னால் தேடி வருகிறவர்கள் எல்லாம் தப்பான மலையில் கல்லைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். ஊர் தெரியாத சிலந்தி வெறும் செத்த சிலந்திதான். டிசம்பர் கடைசியில் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். அதற்குள் இன்னொன்று கிடைக்காவிட்டால் பதினொன்றாம் நம்பரை அடியோடு விட்டுவிட வேண்டும். அவள் ப்ராஜெக்டில் சொல்லிக்கொள்ளும்படி இருந்ததே அது ஒன்றுதான்.

"ஏங்க, ஒரு வார்த்தை 'ஆனேக்கல்'னு எழுத உங்களுக்கு என்ன கை வலி?" என்று கேட்டுவிட்டு மஞ்சுளா மூன்றாவது தோசையைத் திவ்யாவுக்கே வைத்தாள்.

அந்த நவம்பர் ஞாயிறு காலை 5.40க்குக் கிளம்பினோம். சில்க் போர்டு ஜங்ஷனை 6.05க்குத் தாண்டினோம். இதையே எட்டரைக்குச் செய்து பாருங்கள், அங்கேயே ஒரு தனிப் பதிவு எழுதலாம். ஜோகுபாளையத்திலிருந்து சந்தாபுரம் 27 கி.மீ.; போய்ச் சேர்ந்தது 6.50. அங்கே மெயின் ரோட்டை ஒட்டிய கடையில் தட்டு இட்லி, காபி, இரண்டு பேருக்கு 130 ரூபாய். அங்கிருந்து ஆனேக்கல் 11 கி.மீ. ஆனேக்கல்லில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, தமிழ்நாட்டு எல்லையைப் பார்த்துப் போகும் ரோட்டில் 6 கி.மீ. போய், இடது கைப் பக்கம் மண் ரோட்டில் 800 மீட்டர். அந்த 800 மீட்டரில் என் சொந்த சீட்டின் ஃபோம் என்ன தரம் என்று எனக்கே தெரிந்துவிட்டது. தோப்புக்கு 7.45.

இறங்கியதும் திவ்யா பைக்கை விட்டு நகரவே இல்லை. ஆகஸ்டில் பார்த்த தோப்பில் பாதியைக் காணோம். வேரோடு பிடுங்கிய அடிக்கட்டைகள் குவியலாகக் கிடந்தன. சிவப்பு மண்ணைச் சமன்படுத்தி, வெள்ளை பெயிண்ட் அடித்த மனைக் கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள்.

"நாம புடிச்ச இடம் எங்கப்பா?"

கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் இன்னும் மரம் இருந்தது. பாறை துருத்திக்கொண்டிருக்கும் மூலை என்பதால் விட்டுவைத்திருந்தார்கள் போல. அவள் அதற்குள் பாதி தூரம் போய்விட்டாள்.

தேடும் முறை இதுதான். கல்லின் அந்தப் பக்க விளிம்பைப் பிடித்து நம்மைப் பார்த்துப் புரட்ட வேண்டும். உள்ளே பாம்போ தேளோ இருந்தால், கல் நமக்கும் அதற்கும் நடுவில் இருக்கும். என் இரண்டாவது கல்லிலேயே தேள். நான் எழுப்பிய சத்தத்தைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. சிலந்தி தெரிந்தால் மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் குப்பிக்குள் தள்ள வேண்டும். ஒரு குப்பிக்கு ஒன்றுதான். இரண்டு போட்டால் வீட்டுக்கு வரும்போது ஒன்று இருக்கும், நன்றாகச் சாப்பிட்டிருக்கும்.

முதல் ஒரு மணி நேரத்தில் நான் கூப்பிட்டதெல்லாம் வீண். "ம்மா, கெடச்சிடுச்சு!" என்று கத்துவேன். அவள் வந்து பார்ப்பாள்.

"இது ஓநாய்ச் சிலந்திப்பா. முன்னாடி ரெண்டு பெரிய கண்ணு ஹெட்லைட் மாதிரி இருக்கு பாருங்க. நம்மளுக்கு வேண்டியதுக்கு அப்படி இருக்காது."

"இது?"

"இது கரப்பான் குஞ்சு."

அப்புறம் அவளே பாவப்பட்டு எனக்கு வகுப்பு எடுத்தாள். ஒரு குட்டித் தரைச் சிலந்தியைக் குப்பிக்குள் விட்டு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை என் கையில் கொடுத்தாள். முதலில் பின்பக்கம் பார்க்கச் சொன்னாள். நூல் வரும் குழாய்கள் அங்கே இருக்கின்றன. மற்றச் சிலந்திகளுக்கு அவை கூம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். தரைச் சிலந்திக்கு இரண்டு உருளைக் குழாய்கள், நடுவில் இடைவெளி விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

"டபுள் சைலன்சர்" என்றேன்.

"ஆமாப்பா, அதேதான்!" என்றாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அடுத்தது கண். எட்டுக் கண்கள், நாலு நாலாக இரண்டு வரிசை. பின் வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டும் வட்டமாக இருக்காது. நீட்டு வாக்கில் சாய்ந்து, முத்துப் போல வெள்ளையாக மின்னும். கூர்ந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, அல்லது தெரிந்த மாதிரி இருந்தது. பிறகு கால்களை எண்ணினேன். பத்து வந்தது. மறுபடியும் எண்ணினேன். பத்துதான்.

"ம்மா, இதுக்குப் பத்து கால். புது இனம் இதுதான்."

"முன்னாடி குட்டையா இருக்கிற ரெண்டும் கால் இல்லப்பா, கை மாதிரி. ஆம்பளைச் சிலந்தி வளந்துட்டா அந்தக் கை நுனியில ஒரு குமிழ் இருக்கும். பொம்பளைக்கிட்ட விந்தைக் கொண்டு சேர்க்கிறது அதை வெச்சுத்தான். அந்தக் குமிழோட வடிவம், பக்கத்துல இருக்கிற முள்ளு, இது ரெண்டும் ஒவ்வொரு இனத்துக்கும் வேற வேற. உடம்பைப் பாத்தா எல்லாம் இதே பழுப்புதான். பேர் சொல்றது அந்தக் கைதான்."

"அப்போ இந்தக் குட்டி?"

"கை இன்னும் வளரல. என்னன்னு யாராலயும் சொல்ல முடியாது." குட்டியை இருந்த இடத்திலேயே விட்டாள்.

அந்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அறுபது வயது இருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார். நிலத்துக்காரர் முனிராஜு. ஆகஸ்டில் அவர் தம்பியிடம்தான் அனுமதி கேட்டிருந்தோம். இவரை இப்போதுதான் பார்க்கிறோம்.

"ஏனு ஹுடுக்தா இதீரா?" என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டவர், எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "நிதி தேட்றீங்களா சார்? புதையலு? போன மாசம் ரெண்டு பேரு வந்து எலுமிச்சம்பழம் வெச்சிட்டுப் போனாங்கோ."

"புதையல் இல்லீங்க. எட்டுக்கால் பூச்சி."

"ஜேடவா?" கன்னடத்தில் சிலந்திக்கு அதுதான் பேர். அவர் திவ்யாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுல ஜேட இல்லையா? எங்க வீட்டுக்கு வாங்கோ, ஃப்ரீயாக் குடுக்கறேன்."

திவ்யா அவரிடம் கன்னடத்தில் விளக்கினாள். உலகத்தில் இதுவரை யாரும் பேர் வைக்காத சிலந்தி இந்தத் தோப்பில் இருக்கலாம் என்றாள். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "இதுனால லேஅவுட் நின்னுபோகுமா சார்?" என்றார். நிற்காது என்று திவ்யாவே சொன்னாள். "அப்போ தேடும்மா. நல்லாத் தேடு" என்று சொல்லிவிட்டு, அவரும் ஸ்டாண்ட் போட்டு இறங்கிக் கல் புரட்ட ஆரம்பித்தார்.

திவ்யா ஒவ்வொரு கல்லுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தாள். பத்தே முக்காலுக்கு அறுபது கோடு. வெயில் ஏறிவிட்டது. பேச்சு குறைந்துவிட்டது. ஒரு கல்லுக்கடியில் காலி நூல் பை மட்டும் கிடைத்தது. அதை அவள் கையில் வைத்துக்கொண்டு பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பிள்ளை முகம் அப்படி ஆனதற்கு நாம்தான் காரணம் என்றால், எவ்வளவு பெரிய கல்லையும் தூக்கலாம் என்று தோன்றும். தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அடியில் எதுவும் இல்லை.

எண்பத்தேழாவது கல் முனிராஜு புரட்டியது. "சிக்து! சிக்து! கெடச்சுது வாங்கோ!"

ஆறு மில்லிமீட்டர் இருக்கும். கறுப்பும் பழுப்புமாக ஒரு பொட்டு. கல்லின் விளிம்பில் ஓடி மறையப் போனதைத் திவ்யா மண்டியிட்டுப் பிரஷ்ஷால் தள்ளிக் குப்பிக்குள் விட்டுவிட்டாள். லென்ஸை எடுத்தாள். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன்: "டபுள் சைலன்சர் இருக்கா?" "இருக்கு" என்றாள். "முத்துக் கண்ணு?" "இருக்கு." "கை?"

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "கை நுனி உருண்டையா இருக்குப்பா. பாக்ஸிங் கிளவுஸ் போட்ட மாதிரி."

"அப்போ ஆம்பளை!"

"ஆம்பளைதான். ஆனா இன்னும் வயசுக்கு வரல. இன்னும் ஒரு தோல் உரிக்கணும். உரிச்சாதான் கிளவுஸ் கழண்டு உள்ள இருக்கிற முள்ளு தெரியும்."

"உரிக்கலேன்னா?" என்று கேட்டார் முனிராஜு.

"இது எதுவா வேணா இருக்கலாம் அங்கிள்."

பன்னிரண்டு வரை தேடினோம். வேறு கிடைக்கவில்லை. பன்னிரண்டரைக்குக் கிளம்பி, அந்த ஒற்றைச் சிலந்தியோடு 2.35க்கு வீடு. திவ்யா குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி உள்ளங்கைக்குள்ளேயே வைத்திருந்தாள். ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் "ப்பா, மெதுவா" என்றாள். இந்த வண்டியில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போன காலத்தில் நான்தான் அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.

வீட்டில் சிலந்திக்குக் கிடைத்த இடம் சமையலறை அலமாரி, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கம். மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் மண், ஒரு சில்லுக் கல், ஈரப் பஞ்சு. "நான் எடுக்கிறப்ப கை தவறினா என்னைக் கேக்காதீங்க" என்றாள் மஞ்சுளா. சாப்பாடு போடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைக்குப் பின்னால் மரத்தடியில் கறையான் பொறுக்கினேன். பக்கத்து பஞ்சர் கடைக்காரர் கேட்டதற்கு, வீட்டில் விருந்தாளி என்றேன்.

முதல் மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டது. கறையானைக் கடிக்கும் முன் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி நூலால் கட்டிப் போட்டது. அந்த டபுள் சைலன்சர் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நாலாம் நாள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. கல்லுக்கடியில் பை கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது. செத்துப்போய்விட்டதா என்று கேட்டேன். தொடக்கூடாது, தட்டக்கூடாது, டார்ச் அடிக்கக்கூடாது என்று மட்டும் சொன்னாள். மஞ்சுளா இரண்டு நாள் மிக்ஸியைக் கூடத்தில் வைத்து ஓட்டினாள். அலமாரி அதிருமாம். இப்படிச் செய்யச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பதினொன்றாம் நாள் காலை நூல் பைக்கு வெளியே வெறும் தோல் கிடந்தது, பத்துக் காலும் அப்படியே. பக்கத்தில் அது நின்றது. கை நுனி விரிந்திருந்தது.

அடுத்த நாள் அவள் காலேஜ் லேபுக்கு என்னையும் அனுமதித்தார்கள். நிபுணர் பதினொன்றாம் நம்பரைத் திருப்பி அனுப்பியிருந்தார். சரியாக ஒப்பிட வேண்டும் என்றால் நம் சிலந்தியும் ஆல்கஹாலுக்குள் போக வேண்டும், இடது கையைத் தனியாக எடுக்க வேண்டும். அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தாலும், திவ்யா குப்பியைத் திறந்தபோது நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி வராந்தாவுக்குப் போய்விட்டேன். அதற்குக் கறையான் பொறுக்கிப் போட்டவன் நான்.

திரும்பி வந்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். இரண்டு கைகள் பக்கத்தில் பக்கத்தில். குமிழ், அதிலிருந்து கம்பி மாதிரி வளைந்து போகும் ஒரு நுனி, அதற்குப் பின்னால் ஒரு முள். என் கடைக்கு வரும் சீட்டை மேலே பார்த்தால் எல்லாம் கறுப்பு ரெக்சின்தான். திருப்பிப் போட்டு அடியில் இருக்கும் கொக்கியைப் பார்த்தால்தான் எந்த வண்டி, எந்த மாடல் என்று சொல்ல முடியும். அந்த வண்டி லாக்கில் அந்தக் கொக்கிதான் உட்காரும். இங்கேயும் அப்படித்தான். முள்ளின் நுனி இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை குட்டை, ஒரு கிளை நீளம். இரண்டு கையிலும் அதே.

"ஒண்ணுதான்மா" என்றேன்.

"ஒண்ணுதான்பா" என்றாள். போன் போட்டாள். "படம் அனுப்பு அம்மிணி" என்றவர் பத்து நிமிஷத்தில் திருப்பி அழைத்தார். ஆனேக்கல் என்றே எழுதிக்கொள்ளலாம் என்றார். புதிய இனமா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் நாள் ஆகும். பழைய காலத்துப் படங்களோடும், மற்ற நாடுகளில் இருப்பதோடும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே யாரோ பேர் வைத்ததாகவும் இருக்கலாம். அதோடு பெண் சிலந்தி கிடைக்காமல் பாதிக் கதைதான். ஆனால் பதினொன்றாம் நம்பர் ப்ராஜெக்டில் இருக்கிறது.

போக நினைக்கிறவர்களுக்கு: தோப்பு தனியார் நிலம், கேட்காமல் நுழையாதீர்கள். காட்டுப் பகுதியில் எதையும் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கே ஒரு லென்ஸ் போதும். பெங்களூர் மார்க்கெட்டிலிருந்து ஆனேக்கல்லுக்கு பஸ் இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்ளலாம், நாங்கள் விசாரித்தபோது 180 கேட்டார்கள். மூடின ஷூ கட்டாயம். தோப்பை ஒட்டி ஒரு கடையும் இல்லை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டு போங்கள். மழை நின்று ஒரு வாரம் கழித்துப் போவது நல்லது என்கிறாள் திவ்யா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது முனிராஜு கூப்பிட்டார். சங்கராந்தி கழிந்ததும் பாறை மூலைக்கு ஜே.சி.பி. வருகிறதாம். "சார், அந்த ஜேடக்கு எஷ்டு, எவ்ளோ ஜாகா வேணும்? ரெண்டு மனைக்கு நடுவுல கொஞ்சம் விட்டா போதுமா?"

சீட்டுக்கு அளவு எடுப்பது என் தொழில். இதற்கு எனக்குத் தெரியவில்லை. திவ்யாவிடம் கேட்டேன்.

"தெரியலப்பா" என்றாள். "யாரும் இன்னும் அளந்து பாக்கல."

அதையே அவரிடம் சொன்னேன். அவர், அப்படியானால் நீங்களே ஒரு நாள் வந்து எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள், டிரைவரிடம் சொல்லிப் பார்க்கிறேன், கேட்பானா தெரியாது என்றார். ஆகவே நீங்கள் அந்தப் பக்கம் போனால், எந்தக் கல்லைப் புரட்டினாலும் மெதுவாகப் புரட்டுங்கள், பார்த்த பிறகு எடுத்த குழியிலேயே, எடுத்த மாதிரியே திருப்பி வையுங்கள். அடியில் ஒரு பெண் சிலந்தி படுத்திருக்கலாம்.